கொல்லையில் உறுமும் போர் விமானம்

காலை வெயில் மதிலைத் தாண்டி, கொல்லையில் நிற்கும் பழைய போர் விமானத்தின் இறக்கையில் விழுகிறது. விமானியின் இருக்கையில் தையல்காரம்மா உட்கார்ந்திருக்கிறாள். இறக்கைக்கு அப்பால், புல்லில் போட்ட நாற்காலியில் அவள் கணவர், பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பதினோரு வருடத்துக்கு முன் அவர் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, லாரியில் வந்து இறங்கியபோது இது துருப்பிடித்த எலும்புக்கூடு. எஞ்சினுக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. "நீங்க கட்டிக்கிட்டது என்னையா, இந்தத் தகரத்தையா?" என்று அன்று சண்டை பிடித்தவள்தான், பிறகு அவர் அதைப் பழுதுபார்த்தபோது வால்பகுதிக்கு மொத்தத் துணியையும் தைத்துப் போர்த்தினாள். போன மழைக்காலத்தில் வாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியிருக்கிறது. எஞ்சினை இன்றுதான் முதன்முதலாகக் கிளப்பப் போகிறார்கள்.

"பயமா இருக்குங்க."

"நான் இருக்கேன்ல? பொத்தானை அமுத்து. நான் சொல்றவரைக்கும் விடாதே."

எஞ்சின் இருமுகிறது. கரும்புகை கக்குகிறது. மூக்கிலுள்ள விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. அவள் முகம் வாடுகிறது.

"எண்ணெய் இப்பதான் ஏறுது. மறுபடி அமுத்தும்மா!"

அமுத்துகிறாள். விசிறி சுழன்று, சுழன்று, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகிறது. புல் தரையோடு படுக்கிறது. சமையலறை ஜன்னல்கள் அதிர்கின்றன. தகரமெல்லாம் உயிர் பெற்று நடுங்க, "நிறுத்தட்டுமா?" என்று கத்துகிறாள். அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் புரிகிறது. தலையை ஆட்டி மறுக்கிறார். இடது கையைத் தூக்கி, இன்னும், இன்னும் என்று முன்னால் தள்ளிக் காட்டுகிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வேகத்தைக் கூட்டும் கைப்பிடியைத் தள்ளுகிறாள். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டைகள் முனகுகின்றன.