வயிற்றுவலி நடிகர்

“லிஃப்ட்காரரே! என்ன அங்க குசுகுசுன்னு? விடை சொல்லிக் குடுக்கறீங்களா?”

தேர்வு நடத்திய மேடம் போட்ட சத்தத்தில் கட்டிலில் படுத்திருந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நின்ற அரியர் அக்காவுக்கு முகம் செத்துப்போனது.

நர்சிங் பள்ளியின் செய்முறைத் தேர்வு. நோயாளியைப் பார்த்து, கேட்டு, தொட்டு, என்ன கோளாறென்று சொல்ல வேண்டும். நிஜ நோயாளியைப் படுக்க வைத்து இத்தனை பேர் அமுக்கினால் தாங்குமா? அதனால் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆபரேட்டரை வருஷாவருஷம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். மனுஷன் பிரமாதமாக நடிப்பார். இந்தத் தடவை அவருக்குக் கொடுத்த வேஷம், மேல் வயிற்றில் கேஸ் வலி.

காலையிலிருந்து பதினோரு பேர் அமுக்கிப் பார்த்தாயிற்று. பதினோரு பேரும் ‘கேஸ்’ என்று சொல்லி பாஸ்.

கடைசி ஆள் அரியர் அக்கா. ரெண்டு பிள்ளைக்குத் தாய். ரெண்டு தடவை ஃபெயில், அதனால்தான் அந்தப் பட்டப்பேர். மூணாவதும் போனால் படிப்பையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“சத்தியமா அவர் சொன்னதை நான் காதுலயே வாங்கலை மேடம்.”

“வாங்கினியோ வாங்கலையோ, இன்னும் நாலே நிமிஷம்!”

அரியர் அக்கா முதலில் பார்த்தாள். ஃபேன் தலைக்கு மேல் சுற்றுகிறது, அப்புறம் எதுக்கு நெற்றியெல்லாம் வியர்வை? வலது முழங்காலை வேறு மடக்கியே வைத்திருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். கடமுடாவென்று ஏதாவது கேட்க வேண்டிய வயிறு கப்சிப்பென்று இருந்தது. தொட்டாள். உடம்பு கொதித்தது.

“எங்கண்ணா வலிக்குது?”

“மேலம்மா... மேல் வயித்துல.”

மேலே அமுக்கினாள். “ஐயோ! அம்மா!” என்று ஊரைக் கூட்டினார். முகத்தில் மட்டும் வலியையே காணோம்.

வலது பக்கம் கீழே மெதுவாக அமுக்கினாள். இப்போது சத்தமே இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் வெடுக்கென்று கையை எடுத்ததுதான் தாமதம், ஆள் துள்ளி விழுந்தார்.

அரியர் அக்கா மறுபடியும் அங்கேயே கையைக் கொண்டுபோனாள்.

“தாயே, கேஸ்னு சொல்லிட்டுப் போயேன்” என்று கெஞ்சினார் அவர்.

“பாரு, மறுபடியும்!” மேடம் எழுந்தே விட்டார். “ரெண்டு பேர் மேலயும் எழுதிக் குடுத்துடுவேன்!”

“மேடம், இவர் நடிக்கலை!”

“என்னது?”

“மேல அமுக்கினாத்தான் நடிக்கிறார். கீழ நிஜமாவே வலிக்குது! அப்பெண்டிக்ஸ் மேடம்! உடனே ஸ்ட்ரெச்சர் வேணும்!”

“அப்பெண்டிக்ஸாவது கத்தரிக்காயாவது! மேல் வயித்து வலின்னு சொல்லச் சொன்னதே நான்தான். விடையைச் சொல்லாம வெளிய காலை வெச்சே, ஃபெயில்தான்!”

அரியர் அக்கா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“போட்டுக்கோங்க மேடம்!”

எடுத்தாள் ஓட்டம். ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். “வழி விடுங்க! வழி விடுங்க!” என்று அவள் போட்ட கூச்சலில் வராந்தாவே ரெண்டாகப் பிரிந்து நின்றது.

சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து சர்ஜன் வெளியே வந்தார். “கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும். யாரு கண்டுபிடிச்சது? கெட்டிக்காரங்கப்பா!”

மேடம் மதிப்பெண் தாளை எடுத்து, எழுதியிருந்ததை அடித்துத் திருத்தி அரியர் அக்காவிடம் நீட்டினார். நூற்றுக்கு நூறு! அவள் மேடத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். மேடமும் வேறு வழியில்லாமல் கூடவே குதித்தார்.

மறுநாள் ரெண்டு பேரும் வார்டுக்குப் போனார்கள். ஆளைப் பார்த்ததும் மேடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? நிஜ வலியை வெச்சுக்கிட்டா பதினோரு பேர்கிட்ட அமுக்கு வாங்கினீங்க? இதுல விடை வேற சொல்லிக் குடுக்கறீங்க! காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேர்வை நிறுத்தியிருப்பேனே!”

“அதனாலதான் மேடம் சொல்லலை” என்றார் அவர், தையல் வலிக்காமல் மெதுவாக. “தேர்வு நின்னுபோனா மத்தவங்களுக்கு வேற தேதி உண்டு, மூணாவது தடவை எழுதறவங்களுக்குக் கிடையாதுன்னு முந்தாநாள் என் லிஃப்ட்லதானே பேசிட்டு வந்தீங்க? இந்தப் பொண்ணு பாஸாகற வரைக்கும் பொறுத்துக்கலாம்னு பார்த்தேன்.”