வாசலில் ஆட்டோ

தான் வேலை பார்க்கும் சந்தாபுரா மீன் பண்ணைக்கே மாமியார் சொர்ணம் வந்து நின்றதும் சௌம்யாவுக்குச் சுருக்கென்றது. ஈரத் துணியில் சுற்றிய மகசீர் மீன் சௌம்யாவின் கையில் துள்ளியது.

"ஆஸ்பத்திரியில டைம் வாங்கிட்டேன். ஆட்டோ வாசல்ல நிக்குது..."

சௌம்யா முடிக்க விடவில்லை. "நான் வரல அத்தை. கல்யாணம் ஆனதுலேருந்து எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி! எனக்கு ஒரு குறையும் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இனிமே என்னால முடியாது."

சொர்ணம் மீனையே பார்த்தாள். சௌம்யா அதன் வயிற்றை மெல்ல அழுத்த, பால் போல ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் விழுந்தது.

"இது ஆண்தானே?"

"ஆமா. காவிரியில விடறதுக்குக் குஞ்சு வேணும். இதுல உயிரணு நல்லா ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் பெண் மீனுக்கு ஊசி போடுவோம். இல்லேன்னா அது வீணா வேதனைப்படும்."

"அதான் நேத்து போன்ல யாரையோ அப்படித் திட்டினியா, ஆணைப் பார்க்காம பெண்ணை ஏன் தொட்டீங்கன்னு?"

"வேலை விஷயம் அத்தை. அதுக்கென்ன இப்போ?"

"காதுல விழுந்துச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல."

"எதுவானாலும் நான் ஆட்டோவுல ஏற மாட்டேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? டைம் வாங்கினது என் பிள்ளைக்கு. ஆட்டோவுல உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். இந்தா வீட்டுச் சாவி, நாங்க வர லேட்டாகும். அவன் இறங்கி ஓடறதுக்குள்ள நான் போகணும்."