குப்பாயி கொட்டிய கெக்கலி

"கெக்கலி கொட்னா தலைவரே! எம் மானமே போச்சு!"

சடையப்பன் போட்ட சத்தத்தில் குப்பமே கூடிவிட்டது. எதிரே குப்பாயி, குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

ஊர்த்தலைவர் அருணகிரிக்குத் தர்மசங்கடம். குப்பாயியின் புருஷன் அடுத்தவனுக்கு ஊர் ஒதுக்கிய முறை நாளில் பழவேற்காடு ஏரியில் வலை போட்டதற்காக, அந்தக் குடும்பத்தை ஊர் ஒரு வருஷம் விலக்கி வைத்திருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது; ஏரியில் முறையும் கிடையாது. இன்று விளக்கு வைத்தால் விலக்கு முடிகிறது. நடுவில் வாய் திறந்திருந்தால் இன்னொரு வருஷம். பாதி நாள் அடுப்பெரியாத வீடு, தாங்காது.

"கெக்கலி இல்ல தலைவரே, பேசுனா! அத சொல்லத்தான் நான் வந்தேன், இவன் முந்திக்கினான்!" பரசுராமன் துள்ளி எழுந்தான். ஒரு வருஷமாக அவர்கள் முறையை அனுபவிப்பவன் அவன்தான். "காலைல இவன்கிட்ட கத்திக்கினு இருந்தா. அக்கரையில எங்காதுல உழுந்துது."

"இன்னா பேசுனா, சொல்லு?" சீறினான் சடையப்பன்.

"அம்மாந் தூரத்துல வார்த்த எப்டிய்யா புரியும்?"

"வார்த்த இருந்தாத்தான புரியும்! படக தள்ளும்போது சேத்துல வழுக்கி மல்லாக்க உழுந்தேன். கைய தட்டித் தட்டி கெக்கலி கொட்னா!"

"எப்டி? கொட்டிக் காட்டு," என்றார் தலைவர்.

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். படார் படாரென்று கை தட்டி, "ஹெக்கெக்கே... ஹெக்கெக்கே!" என்று இடுப்பை வளைத்துச் சிரித்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பை அடக்கியதில் தலைவருக்கே மீசை துடித்தது.

"சிரிப்பும் கைதட்டலும்தான். இதுல பேச்சு எங்கய்யா கீது?" என்றார். பரசுராமன் முகம் தொங்க உட்கார்ந்தான்.

"விளக்கு வெச்சாச்சு. வெலக்கு முடிஞ்சுது. நாளைலேந்து அவங்க முறை அவங்களுக்கு. ஆனா, உழுந்தவன கெக்கலி கொட்னது தப்பு. குப்பாயி, மன்னிப்புக் கேட்டுக்கோ."

குப்பாயி கை கூப்பியபடி சடையப்பன் முன்னால் வந்தாள். கூட்டம் கலைந்தது. துண்டை உதறிக் கிளம்பிய தலைவரின் காதில் சடையப்பனின் தாழ்ந்த குரல் விழுந்தது.

"நான்தான் தங்கச்சி உன்னியக் கும்புடணும். 'அடிப்பலகை பொளந்து கெடக்கு, ஏறாதண்ணே'ன்னு நீ கத்தலைன்னா, இந்நேரம் முகத்துவாரத்துல பொணமா மெதந்திருப்பேன்."