மீசைக்குக் கீழே

“கண் வரைங்க, காது வரைங்க. வாய் மட்டும் வேண்டாம் சார்.”

கரித்துண்டைச் சீவிக்கொண்டிருந்த ஓவியர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இறந்தவர்களை அவர் வரைந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். கண் வரைந்தால் பார்க்கும், காது வரைந்தால் கேட்கும். வாய் வரைந்தால், போன இடத்திலிருந்தே பேசும். அந்தக் குரலுக்காகத்தான் ஜனங்கள் இந்த இருட்டு மாடிப்படியில் தட்டுத்தடுமாறி ஏறி வந்தார்கள். போன மாதம் அவர் வரைந்து கொடுத்த ஒரு மாமியார், சுவரில் தொங்கியபடியே மருமகளிடம் உப்பு குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

“வாய் இல்லாம முகம் மூளியா இருக்குமேம்மா.”

“என் வீட்டுக்காரருக்குப் பெரிய மீசை சார். நல்லா அடர்த்தியா இறக்கி விட்டுடுங்க. கீழ ஒண்ணும் தெரியாது.”

அந்தப் பெண்ணின் கூட வந்திருந்த தம்பி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா குரலைக் கேக்கணும்னு உனக்கு ஆசையே இல்லையாக்கா?”

“நீ சும்மா இரு.”

அவள் நீட்டிய புகைப்படம் பாதியாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பைப் பிரிக்கப் போன ஓவியரின் கையைத் தடுத்தாள். “அவர் மட்டும் போதும்.”

“ரொம்பத் திட்டுவாரோ?” என்று மெதுவாகக் கேட்டார் ஓவியர்.

“சேச்சே. அதட்டிக்கூடப் பேசினதில்ல.”

“அப்புறம் என்னம்மா பயம்?”

“கேள்வி கேப்பாரு. ஒரே கேள்வி. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப தினமும் அதைத்தான் கேட்டாரு. நானும் தினமும் அவர் முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொன்னேன். நம்பிக்கிட்டே போயிட்டாரு.” கைக்குட்டையை முறுக்கினாள். “இன்னொரு தடவை என்னால முடியாது.”

“எத்தனை நாளைக்கு மறைப்ப? இனிமே தெரிஞ்சா மாமாவை அது என்ன பண்ணிடப் போகுது?” என்றான் தம்பி.

ஓகோ, விஷயம் அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டார் ஓவியர். படுக்கையில் கிடந்த மனுஷனையா ஏமாற்றினாள்? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று வரைய உட்கார்ந்தார்.

நெற்றி வந்தது. காது வந்தது. பிறகு கண். அது இரண்டு தரம் இமைத்தது. எங்கும் அலையாமல் நேரே அவள்மேல் வந்து நின்றது.

அவள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுதுங்க. வந்த ஆள் பார்த்துட்டு அப்படியே போயிட்டான். உங்க சட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடச் சொல்றாங்க. நான் குடுக்கல.”

என்னென்னவோ பேசினாள். எதையோ சுற்றிச் சுற்றி வந்து, அதை மட்டும் தொடாமல் பேசுகிறாள் என்று ஓவியருக்குப் பட்டது. படத்தின் கண் நிரம்பியது. அடர்த்தியாக இறக்கியிருந்த மீசை துடித்துத் துடித்து அடங்கியது.

“என்ன சார் இது?”

“பேச வருதும்மா. வாய் இல்லாம தவிக்கிறாரு.”

அவள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். தம்பி அவள் தோளில் கை வைத்தான். அவள் திரும்பினாள்.

“வரைஞ்சிடுங்க சார். கேக்கட்டும். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிடறேன்.”

“வரைஞ்சிட்டு நான் வேணா வெளியே போய் நிக்கட்டுமா?”

“வேண்டாம். இருங்க.”

ஓவியர் மீசையின் ஓரத்தை விரலால் லேசாகத் துடைத்துவிட்டு, ஒரே இழுப்பில் உதட்டை வரைந்தார். அந்தக் கேள்விக்காக அவள் தலைகுனிந்து காத்திருந்தாள்.

“அழாதேம்மா,” என்றது படம். “நம்ம பாப்பா இங்க என்கூடத்தான் இருக்கா. அவ எங்கன்னு இனிமே உன்னைக் கேக்க மாட்டேன்.”