வெறும் தண்ணீர்

ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகம், 1943. பெண் கேட்டு வந்த விமானி கேவினை, இஷ்பெலின் அப்பா லாக்லன் நிற்க வைத்தே விசாரித்தார்.

"கடற்காவல் விமானப் படையில ஒரு வருஷமா பறக்குறீங்களே தம்பி, எத்தனை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல அழிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

"கண்ணுலயாச்சும் பட்டுச்சா?"

"இல்லைங்க. தினமும் பத்து மணி நேரம் வெறும் தண்ணியத்தான் பாத்தோம்."

"பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு."

இஷ்பெலின் முகம் சுருங்கியது.

அப்போது, சரக்குக் கப்பலில் போயிருந்த அவள் அண்ணன் ஃபர்கஸ் உள்ளே வந்தான்.

"அப்பா, ரெண்டு நாளா ஒரு நீர்மூழ்கி எங்களைத் துரத்துச்சு. வியாழக்கிழமை ஒரு விமானம் வந்து தலைக்கு மேலயே சுத்துச்சு. அதுக்குப் பயந்து அவன் தண்ணிக்குள்ளயே கெடந்தான்; அடியில அவனால வேகமா வர முடியாதே. நாங்க தப்பிச்சு வந்துட்டோம்."

"ஐஸ்லாந்துக்குத் தெற்கயா?" என்றான் கேவின் மெதுவாக. "அது நாங்கதான்."

லாக்லன் மகனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. கல்யாணத்த எந்தச் சனிக்கிழமை வைக்கலாம்?"