விளையாடத் தாங்காது

நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைக் கெடுத்துத் தரவும் ஆள் தேவைப்படுகிறது. எங்கள் தொழிலில் இப்போது அதற்குத்தான் கிராக்கி.

"பையன் எந்நேரமும் கேம்தான் சார். நான் நிறுத்தினா நான் வில்லன் ஆயிடுவேன். அதுவா நின்ன மாதிரி இருக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார், இன்று நான் ரிப்பேருக்குப் போன வீட்டு அப்பா.

"கவலைய விடுங்க சார்."

கொஞ்சம் சூடேறினாலே மெஷின் அணைந்துவிடும்படி செட்டிங்கை மாற்றினேன். பாடம் படித்தால் ஓடும். கேம் போட்டால் படுத்துவிடும்.

பையன் வந்து ஆடிப் பார்த்தான். ஐந்தே நிமிஷத்தில் திரை கறுத்தது. அவன் முகமும்தான்.

"என்னாச்சு அங்கிள்?"

"மெஷினுக்கு வயசாயிடுச்சு தம்பி. படிக்கத் தாங்கும், விளையாடத் தாங்காது."

"அடப்பாவமே!" என்றார் அப்பா. நல்ல நடிப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் என்பதால் விழுந்தடித்து வீட்டுக்கு வந்தேன். ஹெட்போனை மாட்டி, கேமைத் திறந்தேன். விவாகரத்துக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசுவது இதற்குள் மட்டும்தான். பேய்களைச் சுட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள்.

"அப்பா, சீக்கிரம் பேசிடறேன். கேம் போட்டா கம்ப்யூட்டர் பட்டுன்னு ஆஃப் ஆயிடுது."

"யார்கிட்டயாவது காட்டினியாம்மா?"

"அம்மா ஒரு அங்கிளக் கூட்டிட்டு வந்தாங்க. மெஷினுக்கு வயசாயிடுச்சாம். படிக்கத் தாங்குமாம், விளையாட..."

குரல் அறுந்தது.

அவள் பிறந்தநாளுக்காகப் போன மாதம்தான் அந்த மெஷினை என் கையாலேயே புதுசாக அசெம்பிள் செய்து கொடுத்திருந்தேன்.