பழைய டைமிங்

“பழைய மாதிரியே வெச்சுடு பாய்” என்றார் பெஞ்சமின்.

பீர் முகம்மது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். உத்திரமேரூரில் கடை போட்ட நாளிலிருந்து வண்டியின் டைமிங்கைச் சரிசெய்யச் சொல்லித்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கெடுத்துத் தரச் சொல்லி வந்த முதல் ஆள் இந்தக் கொத்தனார்தான்.

போன வாரம் பெஞ்சமின் ஆயில் மாற்றத்தான் வண்டியை விட்டுப் போனார். பாய் கேட்காமலே மேக்னெட் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தட்டை ஒரு நூல் நகர்த்தி, பிளக்கில் பொறி நேரத்துக்கு விழும்படி வைத்துவிட்டார்.

இப்போது வண்டி ஒரே உதையில் கிளம்புகிறது. சூடேறுவதில்லை. மேட்டில் திணறுவதில்லை. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும் என்று யாரும் கேட்பார்கள்.

பெஞ்சமினுக்கு அந்த வெடிச்சத்தம் வேண்டும்.

பொறி தாமதமாக விழுந்த காலத்தில், ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் சைலன்சர் ‘டப்’பென்று வெடிக்கும். பள்ளிக்கூடத் தெரு முனையில் அவர் வேண்டுமென்றே விடுவார். இத்தனைக்கும் அது வேலைக்குப் போகிற வழியே அல்ல, வீண் சுற்று.

வெடித்ததும் மூலை வீட்டுக் கதவு திறக்கும். தூக்கம் கலைந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்பாள்.

“அறிவு கீதா இல்லியா வண்டிக்காரரே? புள்ள இப்பதான் தூங்கிச்சு!”

அவள் திட்டி முடிப்பதற்குள் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொள்வார். கண்ணைக் கசக்கும். ஒரு நாள் அவரைப் பார்த்துச் சிரித்தது. அன்று சாந்து குழைத்த கைக்கு அலுப்பே தெரியவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. நாள் தவறாமல் அவரிடம் பேசுகிற ஒரே வாய் அந்தப் பெண்ணுடையதுதான். திட்டினாலும் பேச்சு பேச்சுதானே.

இந்த வாரம் முழுக்க வண்டி பூனை போலப் போகிறது. கதவு திறக்கவே இல்லை. முனையில் நிறுத்திக் காத்துப் பார்த்தார். ஹார்ன் அடிக்கலாம்தான். அடித்தால் கூப்பிட்டதாகிவிடும்.

பாய் முடியாதென்று தலையை ஆட்டினார்.

“அத்த சரி பண்ணச் சொன்னதே உங்க பொண்ணு ஷாரோன் தாண்ணா. மூலை வூட்லேர்ந்து பஞ்சர் ஒட்ட வந்துது. ‘எங்க நைனா வண்டி வெடிச்சிக்கினே போவுது பாய், நடு ரோட்ல நின்னுச்சின்னா பின்னால டிப்பர் லாரி வரும், அவுரு கேக்காட்டியும் பாத்து பண்ணி வெச்சுடு’ன்னுச்சு. அப்பறம் எப்டி நான் கெடுத்துத் தருவேன்?”



அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்று, இனிமேல் என்னை நைனா என்று கூப்பிடாதே என்று சொன்னவர் பெஞ்சமின்தான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதே இல்லை.

டைமிங் விஷயமே அவருக்கு மறந்துபோனது.

“இன்னா சொல்லிச்சு பாய்?” என்றார். “இன்னொரு வாட்டி சொல்லு. அது சொன்ன மாரியே சொல்லு.”